தொலைபேசியை எடுக்கும் கணிப்பொறி

தாண்டிக்குடி என்ற ஊரின் பெயரை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். திண்டுக்கல் மாவட்டத்தில், பட்டிவீரன்பட்டி வழியாக மலைப்பாதையில் ஏறினால், ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், கீழ்ப்பழனி மலையில் இருக்கும் ஊர் அது. முருகன் இங்கிருந்து பழனிக்குத் தாண்டிக் குதித்தான், ‘தாண்டிக்குதி’தான் தாண்டிக்குடி ஆயிற்று என்று ஊரார் சொல்வார்கள். காபி, மிளகு, ஆரஞ்சு, மலைவாழை ஆகியவை இங்கே விளைகின்றன. காபி வாரியத்தின் வட்டாரக் காபி ஆராய்ச்சி நிலையம் இந்த ஊரில்தான் இருக்கிறது. அருகிலுள்ள தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் உள்ளது.

அராபிக்கா வகைக் காபிச் செடிக்குப் பெரும் பகைவன் ஒரு சிறிய வண்டு. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்பது அதன் பெயர். பெண் வண்டு, தண்டின் பட்டை இடுக்குகளில் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு தண்டுக்குள் துளைத்துச் சென்று, உள்ளிருந்தே செடியைத் தின்னும். அப்போது தண்டின் மேல் வரப்புப் போன்ற மேடுகள் தெரியும். இலைகள் மஞ்சளாகி வாடும். புழு மரத்துக்குள் புகுந்துவிட்டால் மேலே அடிக்கும் மருந்து அதனை எட்டுவதில்லை. ஏப்ரல்-மே மாதங்களிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் வண்டுகள் வெளியே பறந்து வருகின்றன. அதற்கு முன்னரே நோயுற்ற செடியை இனங்கண்டு, பிடுங்கி எரித்துவிட வேண்டும். பறந்த பிறகு பிடுங்கினால் பயன் இல்லை. அடுத்த செடிக்கு வண்டு போய்விட்டிருக்கும்.

இப்போது இப்படி ஒரு நிலையை நினைத்துப் பாருங்கள். மாலை 6 மணி. மலைச்சரிவில் உள்ள ஒரு சிறு தோட்டத்தில், விவசாயி ஒருவர் தண்டின் மேல் ஒரு மேட்டைக் காண்கிறார். இது துளைப்பான்தானா, வேறு ஏதாவதா? பிடுங்குவதா, விடுவதா? காபிச் செடி நட்டுப் பலன் தரச் சில ஆண்டுகள் ஆகும். எளிதில் பிடுங்கி எறியவும் மனம் வராது. கேட்கலாம் என்றால் அலுவலகம் மூடியிருக்கும். மறுநாள் காலையில் அழைத்தால் நிபுணர் வேறு தோட்டத்தில் இருப்பார். அவர் திரும்ப அழைக்கும்போது விவசாயி, கைப்பேசிக்கு அலைவரிசை எட்டாத பள்ளத்தில் இருப்பார்.

தொலைபேசியில் உள்ள ஒரு குறை இப்போது உங்களுக்குப் புலப்பட்டிருக்கும். அது தூரத்தை வென்றது, நேரத்தை வெல்லவில்லை. கம்பியின் இரு முனைகளிலும் ஆட்கள் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும். கடிதத்துக்கு இந்தக் கட்டாயம் இல்லை. இன்று எழுதியதை அவர் நாளை படிக்கலாம். ஆனால் கடிதம் எழுத, எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

தொலைபேசியைப்போலப் பேசவும், கடிதத்தைப்போலக் காத்திருக்கவும் வல்ல ஒரு சாதனம் உண்டா? உண்டு. தொலைபேசியோடு ஒரு கணிப்பொறியை இணைத்து, அழைப்பை எடுக்கவும், பதில் பேசவும், கேட்டதைப் பதிவு செய்யவும் கற்றுக்கொடுத்தால் அதுதான் அந்தச் சாதனம்.

“கைப்பேசியில் குரல் செய்தி அனுப்பினால் போதுமே!” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்கு இணைய வசதியும், அதற்கேற்ற கைப்பேசியும், திரையில் உள்ளதைப் படிக்கும் பழக்கமும் வேண்டும். வெறும் பொத்தான் கைப்பேசி வைத்திருப்பவர் அதில் சேரமாட்டார். மேலும், ஒரே நிபுணருக்கு ஐந்நூறு குரல் செய்திகள் வந்து குவிந்தால் அவற்றைப் பயிர்வாரியாகப் பிரிப்பது யார்? ஒருவருக்குச் சொன்ன பதிலை, அதே ஐயம் உள்ள நூறு பேருக்குக் கேட்க வைப்பது எப்படி? இந்த வேலைகளுக்குத்தான் கணிப்பொறி வேண்டும்.

எஃகுக் கம்பியில் பதிந்த குரல்

தொலைபேசி அழைப்பைப் பதிவு செய்யும் எண்ணம் கணிப்பொறியைவிட மூத்தது. வால்டெமார் பௌல்சென் என்பவர் டென்மார்க் நாட்டில், கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த பொறியியலாளர். ஆள் இல்லாத வேளையில் வரும் தொலைபேசிச் செய்தியைப் பிடித்துவைக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். 1898-ஆம் ஆண்டில் அவர் ஒரு கருவிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். உருளையில் சுற்றிய எஃகுக் கம்பியின் மீது ஒரு சிறு மின்காந்தம் ஓடும். பேச்சுக்கு ஏற்பத் தொலைபேசியின் மின்னோட்டம் கூடிக் குறையும்போது, மின்காந்தத்தின் வலிமையும் கூடிக் குறையும். கம்பியும் இடத்துக்கு இடம் வெவ்வேறு அளவில் காந்தமாகும். பின்னர் அதே மின்காந்தத்தை அதே பாதையில் ஓட்டினால், கம்பியின் காந்தம் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டும். பேச்சு திரும்பக் கேட்கும். பாடப்புத்தகத்தில் நீங்கள் படிக்கும் ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல்தான் இது.

1900-ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் இந்தக் கருவி பெரும் வியப்பை விளைவித்தது. பின்னாளில் வந்த டேப்-ரிக்கார்டர்களுக்கெல்லாம் இதுவே மூதாதை. பாட்டைப் பதிவு செய்யப் பயன்பட்ட காந்தப் பதிவுமுறை, தொலைபேசிக்கு விடைசொல்லும் முயற்சியில் பிறந்தது என்பது சுவையான செய்தி அல்லவா?

மணி அடிக்கிறது, எடுப்பது யார்?

கணிப்பொறிக்குக் காதும் இல்லை, கையும் இல்லை. அது எப்படி மணியைக் கேட்கும், எப்படி ரிசீவரை எடுக்கும்? கம்பி வழி வரும் பழைய தொலைபேசியை எடுத்துக்கொண்டால் இதனை எளிதில் புரிந்துகொள்ளலாம்.

தொலைபேசி நிலையத்திலிருந்து வீட்டுக்கு இரண்டு கம்பிகள் வருகின்றன. நிலையத்தில் உள்ள மின்கலத் தொகுதி அவற்றுக்கிடையே ஏறத்தாழ 48 வோல்ட் நேர்மின்னழுத்தத்தை எப்போதும் வைத்திருக்கும். ரிசீவர் தாங்கியின் மேல் இருக்கும்வரை சுற்று திறந்திருக்கும், மின்னோட்டம் இல்லை. யாராவது அழைக்கும்போது நிலையம் அந்தக் கம்பிகளில் ஒரு மாறுமின்னழுத்தத்தை அனுப்புகிறது. நம் நாட்டில் அது ஏறத்தாழ 75 வோல்ட், 25 ஹெர்ட்ஸ். மணியோடு ஒரு மின்தேக்கி தொடராக இணைக்கப்பட்டிருக்கும். மின்தேக்கி நேர்மின்னோட்டத்தைத் தடுத்து, மாறுமின்னோட்டத்தை விடும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே 48 வோல்ட்டுக்கு மணி அசையாது. அழைப்பு வரும்போது மட்டும் அடிக்கும்.

ரிசீவரை எடுத்ததும் தாங்கியின் கீழ் உள்ள சுவிட்சு மூடுகிறது. சுற்று முழுமையாகி, சில பத்து மில்லி ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. நிலையம் அதனை உணர்ந்து மணியை நிறுத்திப் பேச்சு வழியைத் திறக்கிறது. ஆக, “தொலைபேசியை எடுப்பது” என்பது மின்னியலின் மொழியில் “சுற்றை மூடுவது” என்பதே. அதற்குக் கை எதற்கு? ஒரு சிறு ரிலே போதும்.

கணிப்பொறிக்கும் கம்பிக்கும் இடையே வைக்கும் இடைமுகப் பலகையில் மூன்று பகுதிகள் முக்கியமானவை. முதலாவது, மணியை உணரும் பகுதி. மணி மின்னழுத்தம் ஒரு மின்தேக்கி வழியே வந்து ஒரு சிறு ஒளி உமிழ் டையோடை மினுக்கும். எதிரே உள்ள ஒளி உணரி அதைக் கண்டு கணிப்பொறிக்குச் சொல்லும். இரண்டுக்கும் இடையே கம்பித் தொடர்பு இல்லை; ஒளி மட்டுமே தாண்டுகிறது. இரண்டாவது, சுற்றை மூடும் ரிலே. மூன்றாவது, ஒரு சிறு மின்மாற்றி. பேச்சுக்குரிய மாறுமின்னோட்டம் மட்டும் இதன் ஒரு சுருளிலிருந்து மறு சுருளுக்குத் தூண்டலால் போகும். 48 வோல்ட் நேர்மின்னழுத்தம் கணிப்பொறிக்குள் நுழையாது.

ஒளியும் காந்தமும் மட்டுமே தாண்டலாம், கம்பி தாண்டக்கூடாது என்று ஏன் இத்தனை எச்சரிக்கை? மலைப்பகுதிகளில் இடியும் மின்னலும் கம்பிகளில் தூண்டும் மின்னழுத்தம் பன்மடங்கு உயரக்கூடும். அது கணிப்பொறியையும் அதைத் தொடுபவரையும் தாக்காமல் இருக்கவே இந்தப் பிரிப்பு. மணி அடிக்கும்போதுள்ள 75 வோல்ட்டே கையில் சுரீரென்று அடிக்கும். எனவே தொலைபேசிக் கம்பியில் நீங்களாக எதையும் இணைத்துப் பார்க்காதீர்கள்.

எடுப்பதற்குக் கற்றுக்கொடுத்தால் போதாது; வைக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும். அழைத்தவர் பேசி முடித்து வைத்துவிட்டால், பல நிலையங்களில் 400 ஹெர்ட்ஸ் சுருதியில் விட்டு விட்டு ஓர் ஒலி வரும். மனிதர் அதைக் கேட்டதும் வைத்துவிடுவார். கணிப்பொறியோ, சொல்லித்தரா விட்டால், அந்த ஒலியையே இரவெல்லாம் பக்தியோடு பதிவு செய்துகொண்டிருக்கும்! ஆகவே, “இந்த ஒலி வந்தாலோ, சில விநாடிகள் தொடர்ந்து அமைதி நிலவினாலோ சுற்றைத் திற” என்று நிரலில் எழுதிவைப்பார்கள்.

கைப்பேசிக் காலத்தில் இந்தக் கம்பி வேலைகள் பெரிதும் குறைந்துவிட்டன. அழைப்பே எண்களின் வரிசையாகக் கணிப்பொறிக்கு வந்து சேர்கிறது. மணி என்பது ஒரு செய்தி. எடுப்பது என்பது அதற்கு ஒரு பதில் செய்தி. ஆனால் உணர்தல், எடுத்தல், பேசுதல், பதிதல், வைத்தல் என்ற ஐந்து வேலைகளும் அப்படியே இருக்கின்றன.

குரல் எண்களாகும் விதம்

பௌல்செனின் கருவி குரலைக் காந்தமாகச் சேமித்தது. கணிப்பொறிக்கு எண்கள் மட்டுமே தெரியும். குரலை எண்ணாக்குவது எப்படி?

காய்ச்சல் கண்டவரின் கட்டிலில் தொங்கும் வெப்பநிலை அட்டையைப் பார்த்திருப்பீர்கள். செவிலியர் சில மணிக்கொருமுறை வெப்பநிலையை அளந்து புள்ளி வைப்பார். புள்ளிகளை இணைத்தால் காய்ச்சல் ஏறி இறங்கிய கோடு கிடைக்கும். குரலுக்கும் இதையே செய்கிறோம்; ஆனால் மிக மிக விரைவாக. எவ்வளவு விரைவாக? ஓர் அலையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேல் அளந்தால்தான் அந்த அலையைத் திரும்ப வரைய முடியும் என்பது விதி. தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியையே கடத்துகிறது. 3,400-இன் இரு மடங்கு 6,800. சற்றுத் தாராளமாக விநாடிக்கு 8,000 முறை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவும் 8 பிட் கொண்ட ஓர் எண். அதாவது 256 படிகளில் ஒன்று.

இந்த 256 படிகளும் ஒரே உயரம் உடையவை அல்ல. மெல்லிய ஒலிக்குச் சிறு படிகள், உரத்த ஒலிக்குப் பெரும் படிகள். மெதுவாகப் பேசும் மூதாட்டியின் குரலும் உரக்கப் பேசுபவரின் குரலும் ஒரே தெளிவோடு பதிவதற்கு இதுவே காரணம்.

இனி ஒரு சிறு கணக்கு. விநாடிக்கு 8,000 அளவுகள், அளவுக்கு 8 பிட். ஆக விநாடிக்கு 64,000 பிட், அதாவது 8,000 பைட். விவசாயி 3 நிமிடம் பேசினால் 14,40,000 பைட். ஒரு காலத்தில் கணிப்பொறிகளில் செருகிய மூன்றரை அங்குல ஃபிளாப்பித் தட்டு ஒன்று ஏறக்குறைய இதனால் நிரம்பிவிடும். ஒரு மணி நேரப் பேச்சுக்கு 2 கோடியே 88 லட்சம் பைட். இன்று விரல் நகமளவு இருக்கும் 16 கிகாபைட் நினைவக அட்டையில் ஏறத்தாழ 555 மணி நேரப் பேச்சைச் சேமிக்கலாம். குரலைப் பதிவு செய்வது அலுவலகங்களின் ஆடம்பரமாக இருந்தது மாறி, ஒரு கிராமத்துக்கும் எட்டும் செயலாகிவிட்டது இதனால்தான்.

மென்பொருளிலும் இப்படி ஒரு மாற்றம் நிகழ்ந்தது. மார்க் ஸ்பென்சர் என்ற அமெரிக்க இளைஞர், தம் சிறு கம்பெனிக்குத் தொலைபேசி அமைப்பு வாங்கப் போதிய பணம் இல்லாமல், 1999-இல் தாமே ஒன்றை எழுதினார். ‘ஆஸ்டரிஸ்க்’ என்னும் அந்த நிரலை எவரும் இலவசமாகப் பயன்படுத்தவும் திருத்தவும் விட்டார். ஒரு சாதாரணக் கணிப்பொறியே தொலைபேசி நிலையத்தின் வேலையைச் செய்யலாம் என்று அது காட்டியது.

பொத்தானின் இரட்டைச் சுருதி

கணிப்பொறி எடுத்துவிட்டது. “காபியைப் பற்றிக் கேட்க ஒன்றை அழுத்துங்கள்” என்று பேசியும்விட்டது. விவசாயி அழுத்திய பொத்தான் ஒன்றா, இரண்டா என்று அதற்கு எப்படித் தெரியும்?

ஒவ்வொரு பொத்தானும் இரண்டு சுருதிகளைச் சேர்த்து ஒலிக்கிறது. பொத்தான்களின் கிடைவரிசைகள் நான்குக்கும் முறையே 697, 770, 852, 941 ஹெர்ட்ஸ். நெடுவரிசைகள் மூன்றுக்கும் 1,209, 1,336, 1,477 ஹெர்ட்ஸ். நான்காவது நெடுவரிசை ஒன்றும் உண்டு. அதன் சுருதி 1,633. சாதாரணத் தொலைபேசியில் அது இருப்பதில்லை. 5 என்ற பொத்தான் இரண்டாவது கிடைவரிசையும் இரண்டாவது நெடுவரிசையும் சந்திக்கும் இடம். ஆகவே அதன் ஒலி 770-உம் 1,336-உம் சேர்ந்தது.

ஒரு சுருதி போதாதா? போதாது. பேச்சிலோ சீழ்க்கையிலோ தற்செயலாக அந்த ஒரு சுருதி வந்துவிடக்கூடும். குறிப்பிட்ட இரண்டு சுருதிகள் மட்டும் ஒரே நேரத்தில் ஒலிப்பது அரிது. ஒன்று மற்றொன்றின் மடங்காக வராதபடியும் இந்த எண்களைத் தேர்ந்திருக்கிறார்கள்.

கணிப்பொறி இதனைக் கண்டுபிடிக்கும் முறை ஊஞ்சலைப் போன்றது. வெவ்வேறு நீளமுள்ள எட்டு ஊஞ்சல்கள் வரிசையாகத் தொங்குவதாகக் கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே தாளத்தில் தள்ளினால், அந்தத் தாளத்துக்கு இசைந்த நீளமுள்ள ஊஞ்சல் மட்டும் உயர உயர ஆடும். மற்றவை தடுமாறி நிற்கும். ஒத்ததிர்வு என்று நாம் படிப்பது இதைத்தான். கணிப்பொறி இந்த எட்டு ஊஞ்சல்களையும் கணக்கிலேயே கட்டுகிறது. வந்த எண்களால் ஒவ்வொன்றையும் ‘தள்ளி’, எந்த இரண்டு உயர ஆடுகின்றன என்று பார்க்கிறது. வழக்கமாக 205 அளவுகள் இதற்குப் போதும். அதாவது ஒரு விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு நேரம்!

இதை உங்கள் காதாலும் சோதிக்கலாம். கைப்பேசியில் பொத்தான் ஒலியை இயக்கிவிட்டு, எண் பலகையில் 1, 2, 3 என்று மெதுவாக அழுத்துங்கள். தாழ்ந்த சுருதி மாறாதிருக்க, உயர்ந்த சுருதி படிப்படியாக ஏறும். பின்பு 1, 4, 7 என்று அழுத்துங்கள். இப்போது எது மாறுகிறது, எது மாறவில்லை?

செம்பட்டியும் குஜராத்தும்

பொத்தான் எதற்கு, வாயால் சொன்னால் ஆகாதா? இந்தக் கேள்வியைச் சோதித்த இடங்களில் ஒன்று தாண்டிக்குடி மலைக்குக் கீழே, சமவெளியில் உள்ள செம்பட்டி. அமெரிக்காவின் பெர்க்லியைச் சேர்ந்த ஆய்வாளர் மாடலின் பிளாஷேயும் அவருடைய குழுவினரும், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து, 2005-ஆம் ஆண்டையொட்டி அங்கே பணியாற்றினார்கள். அவர்கள் அமைத்த ‘தமிழ் மார்க்கெட்’ என்ற கணிப்பொறி அமைப்பு தமிழில் பேசியது. விவசாயிகள் சொன்ன தமிழ்ச் சொற்களைப் புரிந்துகொள்ள முயன்றது. வாழைச் சாகுபடி, சந்தை விலை போன்ற செய்திகளைச் சொன்னது. அது கிராமத் தகவல் மையத்தில் வைத்த கணிப்பொறி, தொலைபேசி அன்று. ஆயினும் எழுதப் படிக்காதவரோடு கணிப்பொறி எப்படிப் பேசுவது என்பதே அங்கும் கேள்வி.

ஊருக்கு ஊர் பேச்சு மாறும் அல்லவா? எல்லாத் தமிழையும் கணிப்பொறிக்குப் புகட்ட அன்று வழியில்லை. எனவே அவர்கள் கிராம மக்களின் குரலையே பதிவு செய்தார்கள். ஒரு நேரத்தில் சில சொற்களை மட்டுமே எதிர்பார்க்கும்படி உரையாடலை அமைத்தார்கள். பத்துச் சொற்களுக்குள் ஒன்றைக் கண்டுபிடிப்பது, பத்தாயிரத்துக்குள் ஒன்றைக் கண்டுபிடிப்பதைவிட எளிது என்பதே அதன் தத்துவம்.

இதையடுத்து, குஜராத்தில் வேறொரு குழு நேரடியாக ஒப்பிட்டுப் பார்த்தது. நீல் பட்டேல் என்ற ஆய்வாளரும், ஐ.பி.எம். இந்திய ஆய்வுக்கூடத்தினரும், அகமதாபாத்திலுள்ள ஒரு தொண்டு நிறுவனமும் இதில் சேர்ந்திருந்தனர். 45 கிராமத்தவர் பங்கேற்றனர். ஒரே தொலைபேசிச் சேவையைச் சிலர் வாயால் சொல்லி இயக்கினர். சிலர் பொத்தானை அழுத்தி இயக்கினர். பேச்சுதான் எளிதாக இருக்கும் என்று நாம் எண்ணுவோம். முடிவு நேர்மாறாக இருந்தது. பொத்தானை அழுத்தியவர்களே வேலையை அதிக அளவில் முடித்தார்கள். குறைவாகப் படித்தவர்களிடமும் இதுவே உண்மையாயிற்று. 2009-இல் வெளியான இந்த முடிவு நமக்கு ஒரு பாடம். ‘இயல்பானது’ என்று மேசையில் இருந்தபடி தோன்றுவது வேறு. களத்தில் அளந்து காண்பது வேறு.

இந்தக் குழு உருவாக்கிய சேவையின் பெயர் ‘ஆவாஜ் ஓட்லோ’. குஜராத்தி மொழியில் ஓட்லோ என்பது வீட்டு வாசலில், வருவோர் போவோர் உட்கார்ந்து பேசும் மேடை. நம் ஊர்த் திண்ணையேதான். ‘குரல் திண்ணை’ என்று நாம் சொல்லலாம். விவசாயி அழைத்தால் கணிப்பொறி எடுக்கும். தம் கேள்வியை அவர் குரலில் பதிவு செய்யலாம். நிபுணர் தமக்கு ஓய்வான நேரத்தில் கேட்டு, பதிலைக் குரலில் பதிவு செய்வார். அடுத்து அழைக்கும் எவரும் அந்தக் கேள்வியையும் பதிலையும் கேட்கலாம். விரும்பினால் தம் அனுபவத்தைச் சேர்க்கலாம்.

51 விவசாயிகளுடன் 7 மாதம் நடந்த முதல் சோதனையில், அதிகம் பயன்பட்ட பகுதி இந்தக் கேள்வி-பதில் திண்ணைதான். பின்னர் ஷான் கோல், நிலேஷ் ஃபெர்னாண்டோ என்ற இரு பொருளியலாளர்கள் ஏறத்தாழ 1,200 குடும்பங்களில் இந்தச் சேவையின் விளைவை அளந்தார்கள். குலுக்கல் முறையில் சிலருக்குச் சேவை தந்து, சிலருக்குத் தராமல் ஒப்பிட்டார்கள். சேவை பெற்றவர்கள், பரிந்துரைத்த விதைகளையும் இடுபொருள்களையும் மற்றவர்களைவிட அதிகம் கையாண்டார்கள் என்பது 2021-இல் வெளியான அவர்களின் கட்டுரையில் காணும் முடிவு.

அதே வழியில் 2018-இல் காபி வாரியம், கர்நாடகத்தின் சிக்கமகளூரு, ஹாசன் மாவட்டங்களில் ‘காபி கிருஷி தரங்கா’ என்ற தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. தண்டுத் துளைப்பான் போன்ற ஐயங்களுக்குத் தொலைபேசி வழியே குரலில் வழிகாட்டும் நோக்கம் கொண்டது அது. சத்தீஸ்கரில் 2010-இல் தொடங்கிய ‘சிஜிநெட் ஸ்வரா’ இந்த முறையைச் செய்திக்குப் பயன்படுத்தியது. பத்திரிகையே எட்டாத பழங்குடிக் கிராமத்தார் தங்கள் ஊர்க் குறைகளைக் கைப்பேசியில் சொல்லிப் பதிவு செய்தார்கள். ஒரு ‘மிஸ்டு கால்’ கொடுத்தால் போதும். கணிப்பொறி எண்ணைக் குறித்துக்கொண்டு திரும்ப அழைக்கும். அழைத்தவருக்குச் செலவு இல்லை.

குரலும் ஒருவரின் உடைமை

இந்தச் சாதனத்தை அமைப்பவர் மறக்கக் கூடாத பொறுப்பு ஒன்று உண்டு. பதிவாகிற குரல் ஒரு மனிதருடையது. கடிதம் எழுதுபவர், எழுதுகிறோம் என்று அறிந்தே எழுதுகிறார். தொலைபேசியில் பேசுபவரோ, பேச்சு காற்றோடு போய்விடும் என்று நம்பிப் பேசுகிறார். கணிப்பொறி எடுத்ததும் அந்த நம்பிக்கை உண்மையில்லாமல் போகிறது. கடன் எவ்வளவு, விளைச்சல் எவ்வளவு, எந்தக் கடையில் மருந்து வாங்கினார் என்பதெல்லாம் கேள்வியோடு சேர்ந்து பதிவாகலாம்.

ஆகவே, “உங்கள் பேச்சு பதிவு செய்யப்படும், பிறரும் கேட்பார்கள். வேண்டாம் என்றால் வைத்துவிடலாம்” என்பதைக் கணிப்பொறி முதலிலேயே, அவருக்குப் புரியும் தமிழில் சொல்ல வேண்டும். பதிந்ததை அவருக்கே திரும்பப் போட்டுக் காட்டி, அழிக்கவும் வழி தர வேண்டும். அதற்கு ஒரு பொத்தானை ஒதுக்கினால் போதும். பொறியியலில் இது மிகச் சிறிய வேலை. திண்ணையில் உட்காரலாமா வேண்டாமா என்று மக்கள் முடிவு செய்வது பெரும்பாலும் இதைப் பொறுத்தே இருக்கும்.

நீங்கள் செய்து பாருங்கள்

மாணவ நண்பர்களே! கம்பியும் ரிலேயும் இல்லாமல், ஒரு தாளும் பேனாவும் கொண்டே நீங்கள் இந்தச் சாதனத்தின் பாதியைச் செய்துவிடலாம். தாண்டிக்குடியைச் சுற்றியுள்ள தோட்டக்காரர்களுக்காக ஒரு குரல் திண்ணை அமைப்பதாகக் கொள்ளுங்கள். அழைப்பவரிடம் கணிப்பொறி என்னென்ன வாக்கியங்களைச் சொல்ல வேண்டும் என்று வரிசையாக எழுதுங்கள்.

சில குறிப்புகள். பொருளை முதலில் சொல்லி, எண்ணைப் பின்னால் சொல்லுங்கள். “காபிக்கு ஒன்று” என்று கேட்டவர், ஒன்றை நினைவில் வைத்து உடனே அழுத்துவார். “ஒன்றை அழுத்தினால் காபி” என்று கேட்டவர், காபி என்று காதில் விழுவதற்குள் எண்ணை மறந்திருப்பார். ஒரு நேரத்தில் மூன்று, நான்கு வழிகளுக்கு மேல் தராதீர்கள். தவறாக அழுத்தியவர் திரும்பி வர ஒரு வழி வையுங்கள். எதையுமே அழுத்தாதவரைத் துண்டித்துவிடாமல், நேரே கேள்வியைப் பதிவு செய்ய விடுங்கள். பதிவு செய்வதை முன்கூட்டிச் சொல்ல மறவாதீர்கள்.

எழுதி முடித்ததும் அதனை ஆசிரியரிடம் காட்டுவதற்கு முன், வீட்டிலோ தெருவிலோ எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் ஒருவரிடம் உரக்கப் படித்துக்காட்டுங்கள். நீங்களே கணிப்பொறியாக இருங்கள்; சொன்னதையே திரும்பச் சொல்லலாம், விளக்கம் மட்டும் சொல்லக் கூடாது. அவர் எந்த இடத்தில் தயங்குகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். திருத்த வேண்டிய இடம் அதுவே. அவரை அல்ல, உங்கள் வாக்கியத்தை.